தெமோதரைக்குப் போய் வருவோம்

வீட்டை விட்டு இறங்கும்போது ‘போகிறேன்’ என்று சொல்வது எமது வழக்கமல்ல. ‘போயிட்டு வாறன்’ என்றுதான் சொல்வோம். வாசலில் நிற்பவரும் ‘போயிட்டு வா’ என்பார். போர்க்காலத்தில் நாம் எத்தனையோ தடவை மூட்டை கட்டினோம். அந்த நேரங்களில் இந்தச் சொல்லைச் சொல்வதற்கு வாசலில் எவரும் நிற்கவில்லை. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று தெரியாமலே கட்டிய மூட்டைகள் அவை. ஆகவே பயணம் என்ற சொல்லைக் கேட்டாலே எம்மில் பலருக்கு மனம் சுருங்குகிறது. திரும்பி வரும் நாளைக் கலண்டரில் குறித்துவிட்டுப் பை கட்டுவது எப்படி என்பதை நாம் புதிதாகப் பழகத்தான் வேண்டும்.

குளிர் நாடுகளில் வாழும் மக்கள் ஆண்டு முழுவதும் வேலை செய்து, பணம் சேர்த்து, வெயிலும் கடலும் பசுமையும் உள்ள ஒரு தீவுக்குப் பத்துப் பதினைந்து நாட்கள் ஓய்வாகப் போய்வர ஆசைப்படுகிறார்கள். அப்படி அவர்கள் தேடி வரும் தீவுகளில் ஒன்று நாம் வாழும் இந்த இலங்கை. 2018ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 23 இலட்சம் உல்லாசப் பயணிகள் இங்கு வந்தார்கள். கொரோனாவும் பொருளாதார நெருக்கடியும் வந்துபோன பின்னர், 2024இல் அந்தத் தொகை மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. அவர்களில் பெருந்தொகையானோர் தவறாமல் போய்ப் பார்க்கும் இடம் ஊவா மலைகளில் எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடைப்பட்ட பகுதி. எங்கோ இருப்பவர்கள் பல ஆயிரம் மைல் பறந்து வந்து பார்க்கும் ஊரை, ஒரு பகல் பயணத் தூரத்தில் இருக்கும் நாம் பார்த்ததில்லை. இந்த மாதம் அங்கே போவதற்கு ஆயத்தம் செய்வோம்.

வழி

தெமோதரை பதுளை மாவட்டத்தில் உள்ள ஒரு சிற்றூர். பதுளையிலிருந்து பண்டாரவளை செல்லும் வீதியில் ஹாலிஎலயைத் தாண்டிப் போனால் வருவது. சுற்றிவரத் தேயிலைத் தோட்டங்கள், தோட்ட லயங்கள், கோயில்கள், பாடசாலைகள். கொழும்பிலிருந்து பதுளை செல்லும் மலைநாட்டுப் புகையிரதப் பாதையில் எல்லவை அடுத்து வரும் நிலையம் இது.

மட்டக்களப்புச் சகோதரிகளுக்கு வழி புதிதல்ல. செங்கலடிச் சந்தியில் பிரியும் பதுளை வீதியை அறியாதவர் இல்லை. கரடியனாறு, மஹாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று அந்த வீதி பதுளை வரை போகிறது. போர்க்காலத்தில் பதுளை வீதி என்றால் எமக்குச் சோதனைச்சாவடியும் அடையாள அட்டையும்தான் நினைவு. அதே வீதியின் மறுமுனையில் ஒரு மலைப்பட்டினம் இருக்கிறது என்பதே மறந்துபோயிருந்தது. இன்று அந்த வீதி வழியாகவே பஸ்ஸில் போகலாம். லுணுகலையைத் தாண்டியதும் வளைவுகள் அதிகம். வயிற்றைக் குமட்டும்.

வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வருபவர்கள் கண்டிக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் பதுளைக்குப் போகலாம். கண்டி, நாவலப்பிட்டி, ஹற்றன், நானுஓயா வழியாகப் புகையிரதத்தில் போவது இன்னும் அழகான வழி. வழியிலுள்ள பட்டிப்பொல நிலையம் கடல்மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இலங்கையில் அதைவிட உயரமான புகையிரத நிலையம் கிடையாது. ஆனால் 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலைநாட்டுப் பாதையைப் பல இடங்களில் சிதைத்துவிட்டது. எனவே நாள் குறிக்கும் முன்னர் புகையிரத நிலையத்தில் கேட்டு, எந்த ஊரிலிருந்து எந்த ஊர் வரை வண்டி ஓடுகிறது என்பதை உறுதிசெய்து கொள்ளுங்கள்.

பதுளை வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து எல்ல வரை மட்டும் புகையிரதத்தில் போனாலே போதும். ஏறத்தாழ ஒரு மணித்தியாலப் பயணம். மூன்றாம் வகுப்புச் சீட்டுக்குச் செலவு மிகக் குறைவு. பார்க்க வேண்டியவை எல்லாம் அந்த ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே வருகின்றன.

தலைப்பாகை போட்ட பாதை

மலைநாட்டுப் பாதை கட்டங்கட்டமாகப் போடப்பட்டுக் கடைசியில் பதுளையை வந்தடைந்தது 1924இல். தேயிலையைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோவதே அந்தப் பாதையின் நோக்கம். தெமோதரைக்கு வந்ததும் பாதை அமைத்தவர்களுக்கு ஒரு சிக்கல். ஒரு மட்டத்துக்கும் மற்ற மட்டத்துக்கும் இடையே உயர வித்தியாசம் அதிகம். லொறி ஏறும் ஏற்றத்தில் புகையிரதம் ஏறாது. இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கிவிடும். மெல்ல மெல்லச் சாய்வாகத்தான் பாதையை ஏற்ற வேண்டும். அதற்கு நீளமான இடம் வேண்டும், அங்கே இடமோ இல்லை.

அவர்கள் கண்ட வழி, பாதையை ஒரு மலையைச் சுற்றி வளைத்துத் தன்மேலேயே கொண்டுவருவது. பதுளையிலிருந்து போகும் வண்டி முதலில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைகிறது. வெளியே வந்து மலையைச் சுற்றிக்கொண்டு ஏறுகிறது. ஏறி வந்து நிற்கும் இடம் தெமோதரை நிலையம். அந்த நிலையம் நிற்பது சற்று முன்னர் நுழைந்து வந்த அதே சுரங்கத்துக்கு நேர் மேலே. தலையில் சுமை வைக்க நாம் துணியைச் சுற்றிச் சும்மாடு கட்டுகிறோம் அல்லவா? துணியின் ஒரு முனை அடியிலும் மறுமுனை மேலிலும் வந்து அமர்கிறதே, அதைப் போலத்தான் இதுவும்.

இந்த யோசனை எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். இலங்கையின் புகழ்பெற்ற பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அதிலிருந்துதான் இந்த வளைவு தோன்றியதாம். இது செவிவழிக் கதைதான். ஆனாலும் நூறு ஆண்டுகளாக இந்த ஊர் மக்கள் அதைச் சொல்லி மகிழ்வதில் ஒரு நியாயம் உண்டு. மலையைக் குடைந்து கல் சுமந்த கைகளில் தோட்டத் தமிழரின் கைகளும் இருந்தன. பெயர்ப்பலகைகளில் அவர்கள் பெயர் இல்லை. கதையிலாவது ஒரு தலைப்பாகை இருக்கிறது.

தெமோதரையை விட்டு எல்லவை நோக்கிப் போகையில் ஒன்பது வளைவுப் பாலம் வரும். 1921இல் கட்டப்பட்டது. நீளம் 91 மீற்றர், உயரம் 24 மீற்றர். இரும்புச் சட்டங்கள் எதுவும் இல்லாமல் கல், செங்கல், சீமெந்து ஆகியவற்றால் எழுப்பியது. வண்டியில் இருந்தால் பாலம் முழுதாகத் தெரியாது. எல்லவில் இறங்கி நடந்துபோய், பக்கத்து மேட்டிலிருந்து பார்த்தால் ஒன்பது வளைவுகளையும் எண்ணலாம். தண்டவாளத்தில் நின்று படம் எடுப்பதும், ஓடும் வண்டியின் வாசலில் தொங்குவதும் வேண்டாம். அப்படிச் செய்து உயிரிழந்தோர் உண்டு.

எந்த மாதம்?

ஊவாவுக்குப் பெருமழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. வடக்கு கிழக்கில் எமக்கு மாரி பெய்யும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான காலமே அங்கும் மழைக்காலம். மண்சரிவு அபாயம் உள்ள மாதங்களும் அவையே. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி. டித்வா வந்ததும் நவம்பரில். அந்த மாதங்களைத் தவிருங்கள்.

ஜூலை முதல் செப்டெம்பர் வரை நல்ல காலம். ஆனி, ஆடியில் மட்டக்களப்பில் வீசும் கச்சான் காற்று எமக்குத் தொல்லை. கிணறு வற்றும், உதடு வெடிக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மலைகளின் மறுபக்கம் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமிழந்து இந்தப் பக்கம் இறங்குவதே கச்சான். அதே காற்று ஊவா மலைகளைக் கடக்கும்போது தேயிலைக் கொழுந்தின் ஈரத்தைக் குறைத்து, தனி மணத்தைக் கொடுக்கிறது. உலகச் சந்தையில் பேர்போன ஊவாத் தேயிலை அந்தச் சில வாரங்களில் பறிப்பதுதான். எம்மை வாட்டும் காற்று இன்னொரு ஊரின் சோறாக இருக்கிறது.

பைக்குள் என்ன?

வெளிநாட்டார் இந்தத் தீவுக்கு வரும்போது எப்படிப் பை கட்டுகிறார்கள் என்று கவனித்தால் நாம் பழகிக்கொள்ளச் சில விடயங்கள் உண்டு. ஒரு மாதத்துக்கு முன்னரே பட்டியல் எழுதுகிறார்கள். நாட்களை எண்ணி உடுப்பை எண்ணுகிறார்கள். எடுக்க நினைத்த எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி, அவசியமில்லாததை எடுத்து மறுபடி அலுமாரியில் வைக்கிறார்கள். ஒரே தீவில் கடற்கரையும் குளிர்மலையும் இருப்பதால் பருத்தி உடுப்போடு ஒரு கம்பளிச் சட்டையும் கொண்டுவருகிறார்கள். கடவுச்சீட்டின் பிரதியைத் தனியாக வைக்கிறார்கள். திரும்பும்போது வாங்கிப் போகும் சாமானுக்குப் பையில் இடமும் விடுகிறார்கள்.

நாமோ கிடைத்ததையெல்லாம் அள்ளிக் கட்டிப் பழகியவர்கள். பானை, சட்டி, அரிசி, பாய் என்று எடுத்தோம். விட்டுவிட்டுப் போனால் திரும்பக் கிடைக்காது என்று தெரிந்ததால் எடுத்தோம். அது தவறல்ல, அன்று அதுவே புத்தி. மூன்று நாள் பயணத்துக்கு அந்தக் கணக்கு வேண்டாம். விட்டுப்போகும் பானை அடுப்பங்கரையிலேயே இருக்கும்.

மூன்று நாள், இரண்டு இரவு என்று வைத்துக்கொண்டால் ஒருவருக்கு இவை போதும்:

உடுத்திருப்பது தவிர இரண்டு மாற்றுடுப்பு. ஒரு சுவெட்டர் அல்லது தடித்த சால்வை. இரவில் குளிர் 15, 16 பாகை செல்சியஸ் வரை இறங்குவதுண்டு. கரையோரத்தில் வாழ்ந்த உடம்புக்கு அது கடுங்குளிர். சிறுபிள்ளைகளுக்குக் காது மூடும் தொப்பியும் காலுறையும் கட்டாயம். ஒரு துவாய், சவர்க்காரம், பற்பசை. குடை ஒன்று. வழுக்காத அடியுள்ள செருப்பு அல்லது சப்பாத்து. மாதவிடாய்த் துணி அல்லது நப்கின், நாள் வராவிட்டாலும் எடுத்து வையுங்கள். ஈர உடுப்பு வைக்க இரண்டு பொலித்தீன் பை.

ஒரு சின்னச் சரையில் உப்பு. புல்லுக்குள் நடந்தால் அட்டை கடிக்கும். பிடுங்கி இழுக்காமல் உப்பையோ சவர்க்கார நீரையோ வைத்தால் தானே விழும். பிறகு கழுவித் துடைத்தால் சரி.

மலைப்பாதையில் குமட்டலுக்குத் தேசிக்காய், இஞ்சித் துண்டு. பனடோல், ஜீவனிப் பக்கற், பஞ்சு, கட்டுத்துணி. சலரோகம், இரத்த அழுத்தம் என்று மருந்து எடுப்பவர்கள் பயண நாட்களோடு இன்னும் இரண்டு நாளுக்கான மருந்தையும் எடுத்து, கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டுபோக வேண்டும். மருந்தைப் பெரிய பையில் புதைக்காமல் கைப்பையில் வைத்திருங்கள்.

ஆவணப் பை

வாழ்ந்த வீட்டையே விட்டு ஓடியபோதும் எம்மில் பலர் விடாமல் சுமந்தது ஒரு சொப்பிங் பை. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு, குடும்ப அட்டை, காணாமற்போனவரின் படம், முறைப்பாட்டுத் துண்டுகள். கழுத்தளவு நீரில் நடந்தபோது தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தது அந்தப் பையைத்தான். இன்றும் சந்தைக்குப் போனாலும் அதைக் கொண்டுபோகும் தாய்மார் இருக்கிறார்கள்.

பயணத்துக்குத் தேசிய அடையாள அட்டை மட்டும் போதும். மற்றவற்றுக்குப் பிரதி எடுத்து, மூலப் பத்திரங்களை நீர் புகாத உறையில் இட்டு, வீட்டில் பூட்டி வையுங்கள். நம்பிக்கையான சகோதரியிடமோ பெற்றோரிடமோ கொடுத்து வைப்பதும் நல்லது. மழையில் நனையவும், பஸ்ஸில் தவறவும் விடாமல் காப்பதற்கு அதுவே வழி. அப்படியும் அதை விட்டுவிட்டு வர மனம் ஒப்பவில்லை என்றால், வற்புறுத்த வேண்டாம். கொண்டுவரட்டும். குழுவில் எவரும் அதைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது. அடுத்த பயணத்தில் விட்டு வருவார்.

உடம்பும் மனமும்

கொழும்பு – பதுளைப் பாதையில் நாற்பதுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள் உண்டு. வண்டி சுரங்கத்துக்குள் நுழைந்ததும் திடீரென இருட்டும். சத்தம் காதை அடைக்கும். உள்ளூர்ப் பிள்ளைகள் மகிழ்ச்சியில் கூவுவார்கள். பங்கருக்குள் நாட்களைக் கழித்த ஒருவருக்கு அந்த இருட்டும் கூச்சலும் வேறு எதையோ நினைவூட்டலாம். ஆகையால் குழுவை நடத்திச் செல்பவர் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்: “இப்போது இருட்டு வரும், கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் வந்துவிடும்.” பயப்படுவார் என்று தெரிந்தவர் பக்கத்தில் ஒருவர் இருந்து கையைப் பிடித்துக்கொள்ளலாம். கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் போட்டு வைக்கலாம். மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொல்லலாம். பதுளையிலிருந்து தெமோதரைக்கு வரும்போது நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்தில் நுழைந்து, மலையைச் சுற்றி, அதன் உச்சியில் வந்து நிற்போம் என்று முதலே விளங்கப்படுத்தினால், அந்த இருட்டுக்கு ஒரு முடிவு இருப்பதை மனம் அறிந்திருக்கும்.

செயற்கைக் கால் அணிந்தவர்கள் கழற்றி வைக்கும் நேரத்துக்கான உறையையும் மாற்றுத் துணியையும் கொண்டுவர வேண்டும். வண்டிப் படியும் மேடையும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. இருவர் உதவியோடு இறங்குவது நல்லது. பாலம் பார்க்கப் போகும் ஒற்றையடிப் பாதை சரிவும் வழுக்கலுமானது. அங்கே நடக்க முடியாதவர்களுக்குத் தெமோதரை நிலையமே போதுமானது. வாங்கில் அமர்ந்தபடியே, அடியில் போன வண்டி சுற்றி மேலே வருவதைப் பார்க்கலாம். உடம்பில் குண்டுத் துண்டு இருப்பவர்கள் குளிரில் அந்த இடம் வலிப்பதாகச் சொல்வதுண்டு. அவர்கள் இன்னொரு போர்வையும், வைத்தியர் தந்த வலிமருந்தும் எடுத்துக்கொள்ளட்டும்.

இந்த நிலையத்தில் கட்டிய பெட்டிகள்

இன்று தெமோதரையில் முதுகுப்பையோடு இறங்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பார்க்கிறோம். இந்த மலைகளின் நிலையங்கள் வேறு வகைப் பெட்டிகளையும் கண்டிருக்கின்றன.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென அதில் எழுதப்பட்டது. அதன்படி இந்தியாவுக்குப் போகப் பெயர் வந்தவர்கள் தகரப் பெட்டியில் சாமானைக் கட்டி, மலைநாட்டு நிலையங்களில் வண்டி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு அந்த நாடு, தங்கைக்கு இந்த நாடு என்று பிரிந்ததும் உண்டு. நிலைய மேடையில் கட்டிப்பிடித்து அழுதவர்களுக்கும் ‘போயிட்டு வாறன்’ என்ற சொல் வாயில் வந்திருக்காது.

1977, 1983 இனக் கலவரங்களின் பின்னர் இன்னொரு தொகையினர் மலையை விட்டு வடக்கே வந்தார்கள். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். பின்னாளில் வன்னிப் போரில் எம்மோடு சேர்ந்து ஓடியவர்களில் அவர்களும் இருந்தார்கள். இதை வாசிக்கும் சகோதரிகளில் சிலருடைய அம்மம்மா பிறந்த லயம் பதுளையிலோ பசறையிலோ இன்னும் இருக்கலாம். அவர்களுக்கு இந்தப் பயணம் ஊர் பார்ப்பது மட்டுமல்ல. புறப்படும் முன்னர் வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் தோட்டத்தின் பெயரையும் டிவிசனின் பெயரையும் கேட்டு எழுதி வையுங்கள். அந்தக் கடதாசியும் பைக்குள் போகட்டும்.

இன்று தோட்டத்திலிருந்து பெட்டி கட்டுபவர்களில் வெளிநாட்டுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகும் தாய்மாரும் இருக்கிறார்கள். பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு இரண்டு வருட ஒப்பந்தத்தில் போகிறார்கள். அதே விமான நிலையத்தில் ஒருபுறம் ஓய்வுக்கு வருபவர் பை, மறுபுறம் உழைக்கப் போகிறவர் பை.

விருந்தாளி முறை

2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தவர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். வாகனங்களில் வந்தவர்கள் கம்பிக்கு அப்பால் நின்று எம்மைப் படம் எடுத்தார்கள். தண்ணீருக்கு வரிசையில் நின்றபோதும், குளித்துவிட்டு வந்தபோதும் எடுத்தார்கள். கேட்டு எடுத்தவர்கள் மிகச் சிலர்.

தோட்டத்துக்குப் போகும்போது நாம் அந்த வாகனக்காரர் ஆகிவிடக் கூடாது. படங்கு கட்டி, கூடை சுமந்து, சரிவில் நின்று கொழுந்து பறிக்கும் பெண் வேலையில் இருக்கிறாள். அந்தி மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது கிலோ குறைந்தால் அன்றைய சம்பளத்தில் இடிக்கும். மறித்துப் பேசாமல், கேட்காமல் படம் எடுக்காமல், வேலை முடிந்து வரும் நேரத்தில் பேசுவோம். லயத்துக்குள் அழைத்தால் மட்டும் போவோம். அழைத்தால் தேத்தண்ணி குடிக்காமல் வரக்கூடாது. ரொட்டியும் கட்டச்சம்பலும் கிடைத்தால் அது பெரிய உபசாரம்.

வெறுங்கையோடு போவதும் முறையல்ல. யாழ்ப்பாணத்தார் பனங்கட்டியும் ஒடியலும், முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கத்தார் நல்ல கருவாடும், மட்டக்களப்பார் கச்சானும் கொண்டுபோகலாம். கருவாட்டைக் காற்றுப் புகாமல் இரண்டு உறையில் கட்டுங்கள். பஸ்ஸில் மற்றவர்கள் முகம் சுளிக்காமல் இருப்பார்கள். திரும்பும்போது அந்த இடத்தில் தேயிலையும், கரட்டும், லீக்ஸும் ஏறிவிடும்.

டித்வாவில் பதுளை மாவட்டத்தில் பலர் உயிரிழந்தார்கள். பல குடும்பங்கள் மண்சரிவால் வீட்டை விட்டு வெளியேறின. மழை கனக்கும் இரவுகளில் அங்குள்ள தாய்மாரும் அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் ஒரு பையில் போட்டுத் தலைமாட்டில் வைத்துப் படுக்கிறார்கள். அந்தப் பையைக் கண்டால் என்னவென்று எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறுதல் சொல்லவும் எமக்குத் தெரியும்.

காசும் கதையும்

இருபது பேர் கொண்ட சிறுசேமிப்புக் குழு ஒன்று வாரம் ஆளுக்கு 200 ரூபா தனியாக ஒதுக்கினால் நாற்பது வாரத்தில் ஒருவருக்கு 8,000 ரூபா சேரும். அந்தக் காசுக்குள் பஸ் கூலி, சாப்பாடு, தங்குமிடம் ஆகியவற்றை அடக்கப் பாருங்கள். எல்ல நகரில் உல்லாசப் பயணிகளுக்கான விடுதிகளில் வாடகை அதிகம். பதுளையில் தங்கினால் செலவு குறையும். முன்கூட்டியே விசாரித்து, விலையை எழுதி வாங்குங்கள். கடன் எடுத்துப் பயணம் போக வேண்டாம். நுண்கடனால் பட்ட பாடு போதும்.

கோழி, ஆடு, கிணற்றடி மரக்கறி ஆகியவற்றை யார் பார்ப்பது, பாடசாலை போகும் பிள்ளைக்கு யார் சமைப்பது என்பதை ஒரு வாரத்துக்கு முன்னரே பேசி முடியுங்கள். இந்த வருடம் பத்துப் பேர் போக, மற்றப் பத்துப் பேர் அவர்கள் வீடுகளைப் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த வருடம் மாறிக்கொள்ளலாம்.

இவ்வளவையும் ஒழுங்கு செய்த பிறகும் ஒரு தடை வரும். “புருசன் இல்லாதவளுக்கு என்ன ஊர் சுற்றல்?” என்று யாராவது கேட்பார்கள். சில வேளை அதைக் கேட்பது எமது மனமாகவே இருக்கும். காணாமற்போனவர் திரும்பி வரும் நாளில் வீடு பூட்டியிருந்தால் என்ன செய்வது என்று அஞ்சுபவர்களும் உண்டு. அவர்களை இகழக் கூடாது. பக்கத்து வீட்டில் தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்து, திரும்பும் நாளையும் சொல்லி வைப்போம். வீடு வெறுமையாக இருக்காது, விளக்கேற்ற ஒருவர் வருவார் என்று உறுதி செய்வோம். அதற்கு மேலும் மனம் வராவிட்டால் அடுத்த முறை பார்க்கலாம்.

ஊர் வாய்க்குப் பதில் தேட வேண்டியதில்லை. இருபது வருடம், முப்பது வருடம் குடும்பத்தைத் தனியே சுமந்த ஒருத்தி மூன்று நாள் உட்கார்ந்து மலையைப் பார்ப்பதால் எவருக்கும் குறைவு வராது. பிள்ளைகளும் அம்மா மூட்டை கட்டியதை ஓட்டத்தோடு சேர்த்தே கண்டவர்கள். சிரித்தபடி அவள் பை கட்டுவதையும் ஒரு தடவை காணட்டும்.

குழுவின் அடுத்த கூட்டத்திலேயே பேசத் தொடங்குங்கள். கலண்டரில் இரண்டு நாட்களுக்கு வட்டம் போடுங்கள்: ஒன்று புறப்படும் நாள், மற்றது திரும்பும் நாள். பட்டியலை எழுதுங்கள். புறப்படும் காலையில் வாசலில் நிற்பவரிடம் சத்தமாகச் சொல்லிவிட்டு இறங்குங்கள்:

“போயிட்டு வாறன்.”